புத்தாண்டில் சொந்தத் தொழில்: 'என்னால் முடியுமா' என்ற ஐயம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதச் சம்பளத்தில் இருந்துகொண்டு, வரும் ஆண்டிலாவது சொந்தமாக ஏதேனும் தொடங்கிவிட வேண்டும் என்று நினைத்து, நினைத்த வேகத்திலேயே 'நமக்கெல்லாம் இது சரிப்பட்டு வருமா' என்று பின்வாங்குகிறவர்களை மனத்தில் கொண்டு இக்கேள்விகள் தொகுக்கப்பட்டுள்ளன. பெரும் முதலீட்டில் ஆலை அமைப்பவர்களுக்கு இதில் அதிகம் கிடைக்காது. மாவுக் கடை, தையலகம், கைபேசி பழுதுபார்க்கும் கடை, டியூஷன் மையம் என்று சில ஆயிரங்களிலிருந்து சில இலட்சங்களுக்குள் தொடங்கக்கூடிய தொழில்களே இங்கே கருதப்படுகின்றன.

ஐயம் முழுவதுமாகத் தீர்ந்த பிறகு தொடங்குவதுதானே முறை?

அப்படிக் காத்திருப்பவர்கள் பெரும்பாலும் காத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஒரு செயலைத் தன்னால் செய்து முடிக்க இயலும் என்ற நம்பிக்கை மனிதனுக்கு எங்கிருந்து வருகிறது என்பதை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் நான்காகப் பிரித்துக் காட்டினார்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்து முடிப்பதைக் கண்ணால் காண்பது, பிறர் கூறும் ஊக்கச் சொற்கள், அந்த நேரத்தில் உடலும் மனமும் இருக்கும் நிலை. இவற்றுள் முதலாவதே வலிமை மிக்கது என்பதும், பிறர் பேசி ஏற்றிவிடும் நம்பிக்கை முதல் தோல்வியிலேயே இறங்கிவிடக்கூடியது என்பதும் அவர் கூறிய முக்கியமான செய்திகள். டிசம்பர் மாதக் கடைசியில் கைபேசிக்கு வந்து குவியும் ஊக்க உரைகள் பொங்கலுக்குள் வற்றிவிடுவதற்குக் காரணம் இதுவாகவே இருக்கலாம்.

ஆகவே, நம்பிக்கை வந்த பின் செயல் என்ற வரிசையைத் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. ஐயம் இருக்கும்போதே செய்யக்கூடிய அளவுக்குச் சிறிய செயல் எது என்று தேடி, அதைச் செய்து முடித்து, அந்த அனுபவம் தரும் நம்பிக்கையை வைத்து அடுத்ததற்குப் போவதே நடைமுறையில் பலிக்கிறது. இந்தப் பக்கத்தின் மற்ற பதில்கள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் இதன் விரிவுதான்.

திறமைசாலிகளுக்கு இந்தத் தயக்கம் இருக்காது அல்லவா?

இருக்கிறது, சில வேளைகளில் அவர்களுக்குத்தான் கூடுதலாக இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர்களான பாலின் கிளான்சும் சுசான் ஐம்ஸும் 1978-இல், கல்வியிலும் தொழிலிலும் உயர்ந்த நிலையை எட்டியிருந்த பெண்களில் பலர் தங்கள் வெற்றியை அதிர்ஷ்டம் என்றோ பிறருடைய தவறான மதிப்பீடு என்றோ கருதி, என்றாவது ஒரு நாள் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று உள்ளூர அஞ்சியதைப் பதிவு செய்தனர். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 1999-இல் ஜஸ்டின் குரூகரும் டேவிட் டன்னிங்கும் வெளியிட்ட ஆய்வில், தேர்வில் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றவர்களே தங்கள் திறமையை மிகவும் கூட்டி மதிப்பிட்டிருந்தனர். ஐயம் இருப்பதைத் திறமையின்மைக்குச் சான்றாகக் கொள்ள முடியாது. ஐயமே இல்லாமல் இருப்பதைத் திறமைக்குச் சான்றாகவும் கொள்ள முடியாது.

ஐயம் ஓர் எச்சரிக்கையாகவும் இருக்கலாமே? அதைத் தள்ளிவிடுவது ஆபத்தல்லவா?

மிகச் சரியான கேள்வி. 'அஞ்சுவது அஞ்சாமை பேதைமை' என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறார். தள்ளிவிட வேண்டியதில்லை, பிரித்துப் பார்க்க வேண்டும். மனத்தில் எழும் ஐயங்களில் சில 'நான்' என்று தொடங்கும்: நான் கெட்டிக்காரன் இல்லை, எனக்குப் பேசத் தெரியாது, எங்கள் குடும்பத்தில் யாரும் வியாபாரம் செய்ததில்லை. வேறு சில தொழிலைப் பற்றியவை: இந்தத் தெருவில் வாங்குவார்களா, மீந்து போனால் என்ன செய்வது, வாடகை கட்டுப்படியாகுமா. முதல் வகைக்கு உட்கார்ந்து யோசிப்பதால் விடை கிடைக்காது. இரண்டாம் வகைக்கு ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் விடை கிடைக்கும். வியப்பு என்னவென்றால், இரண்டாம் வகைக்கு விடை கிடைக்கக் கிடைக்க முதல் வகையின் குரலும் தணிந்துவிடுகிறது.

எடுத்துக்காட்டாக, 18,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஒருவர் வீட்டிலிருந்தபடியே இட்லி மாவு அரைத்து விற்க நினைக்கிறார் என்று கொள்வோம். ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து, ஒரு கரண்டி வெந்தயம் என்று போட்டால் ஏறத்தாழ மூன்று கிலோ மாவு தேறும். அரிசி 50 ரூபாய், உளுந்து 32 ரூபாய், வெந்தயம், உப்பு, மின்சாரம், பிளாஸ்டிக் கவர் எல்லாம் சேர்த்து 17 ரூபாய் என்று வைத்தால் மொத்தம் 99 ரூபாய். அதாவது கிலோவுக்கு 33 ரூபாய். கிலோ 50 ரூபாய்க்கு விற்றால் மிஞ்சுவது 17 ரூபாய். சம்பளத்துக்கு ஈடாக இதிலிருந்து எடுக்க வேண்டுமானால் நாள்தோறும் 36 கிலோ, மாதத்தில் முப்பது நாளும் ஒரு நாள் விடாமல் விற்க வேண்டும். கடை வாடகையும் ஆள் கூலியும் இதில் சேரவில்லை. (விலைகளெல்லாம் கணக்கு விளங்குவதற்காகப் போட்டவை, உங்கள் ஊர் மளிகைக் கடையின் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.)

இப்போது 'என்னால் தொழில் செய்ய முடியுமா' என்ற கேள்வி, 'நான் இருக்கும் இடத்தில் நாளுக்கு 36 பாக்கெட் மாவு போகுமா' என்று மாறிவிட்டது. இதை நான்கு சனிக்கிழமைகளில் சோதித்துவிடலாம். வீட்டிலிருக்கும் கிரைண்டரே போதும். முதல் வாரம் பத்து பாக்கெட் போட்டு, எத்தனை போயின, எத்தனை மீந்தன, மறு வாரமும் யார் வந்து கேட்டார்கள் என்று எழுதி வைக்க வேண்டும். தெரிந்தவர்கள் முகத்துக்காக ஒரு முறை வாங்குவார்கள் என்பதால், இரண்டாம் முறை வாங்கியவர்களின் எண்ணிக்கையே உண்மையான கணக்கு. மார்கழிக் குளிரில் மாவு மெல்லப் புளிக்கும். சித்திரை வெயிலில் மதியத்துக்குள் கவர் உப்பிவிடும். ஆகவே குளிர்காலத்துச் சோதனையை மட்டும் நம்பி ஆண்டு முழுவதற்கும் கணக்குப் போடக்கூடாது. இப்படிப்பட்ட ஐயங்கள்தான் பயனுள்ளவை. இவற்றை எவ்வளவு வேண்டுமானாலும் வளர்த்துக்கொள்ளலாம்.

வேலையை விட்டுவிட்டு இறங்கினால்தான் வெறி வரும் என்கிறார்களே?

மேடையில் பேச நன்றாக இருக்கும். ஆனால் அமெரிக்காவில் தொழில் தொடங்கியவர்களின் தரவுகளை ஆராய்ந்து ஜோசஃப் ராஃபீயும் ஜீ ஃபெங்கும் 2014-இல் வெளியிட்ட கட்டுரை வேறு விதமாகக் கூறுகிறது: வேலையில் இருந்துகொண்டே பகுதி நேரமாகத் தொடங்கிப் பிறகு முழு நேரமாக மாறியவர்கள் தொழிலைக் கைவிடும் வாய்ப்பு, எடுத்த எடுப்பிலேயே வேலையை விட்டு இறங்கியவர்களை விட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. பகுதி நேரத்தில் தொழிலைக் கற்றுக்கொள்வதும், அது தமக்கு ஒத்து வராது என்று தெரிந்தவர்கள் முன்னதாகவே விலகிக்கொள்வதும் இதற்குக் காரணங்கள்.

ஒரு தடையை மட்டும் கவனிக்க வேண்டும். அரசுப் பணியாளர்கள் நடத்தை விதிகளின்படி அனுமதியின்றி வேறு தொழில் நடத்தக்கூடாது. தனியார் நிறுவனங்களிலும் பணி ஒப்பந்தத்தில் இதே போன்ற நிபந்தனை இருக்கக்கூடும். சேரும்போது படிக்காமல் கையெழுத்திட்ட அந்தத் தாள்களை இப்போதாவது எடுத்துப் படித்துவிடுவது நல்லது.

பட்டம் இல்லை, பெரிய இடத்தில் அறிமுகமும் இல்லை. தெரியாதவர்களிடம் போய் நிற்கவே கூச்சமாக இருக்கிறது. என்ன செய்வது?

ஒரு ஜனவரி மாதத்தில் நம் ஊரில் நடந்ததைச் சொல்கிறோம். 1913-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள், சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில் எழுத்தராக இருந்த இராமானுஜன், கேம்பிரிட்ஜில் இருந்த ஜி. எச். ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். பட்டப் படிப்புக்கு முந்தைய நிலையான எஃப். ஏ. தேர்வில் தேறாதவர் அவர். கணிதத்தைத் தவிர மற்றப் பாடங்களில் தோற்றுப் படிப்பை விட்டிருந்தார். இதற்கு முன் பேக்கர், ஹாப்சன் என்ற வேறு இரு கேம்பிரிட்ஜ் கணித அறிஞர்களுக்கு அனுப்பியது பயன் தரவில்லை. மூன்றாவதாக எழுதிய அந்தக் கடிதத்தில், தாம் ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளம் வாங்கும் எழுத்தர் என்பதையும் தமக்குப் பல்கலைக்கழகக் கல்வி இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டார். தம்மால் முடியும் என்று வாதிடவில்லை. தாம் கண்டடைந்த தேற்றங்களைப் பக்கம் பக்கமாக எழுதி இணைத்திருந்தார். பிப்ரவரியில் ஹார்டியின் மறுமொழி புறப்பட்டது.

அதன் பிறகும் அவர் உடனே கப்பல் ஏறிவிடவில்லை. கடல் கடக்கத் தாயாரின் இசைவு இல்லை. அவருக்கும் தயக்கம் இருந்தது. இடைப்பட்ட காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை வழங்க, அலுவலக வேலையிலிருந்து விலகி முழு நேரமும் கணிதத்தில் ஈடுபட முடிந்தது. 1914 மார்ச் 17 அன்றுதான் சென்னையிலிருந்து கப்பல் புறப்பட்டது. கடிதத்துக்கும் கப்பலுக்கும் இடையே பதினான்கு மாதங்கள். துணிச்சலின் உச்சமாக நாம் கொண்டாடும் அந்தப் பயணத்துக்குள் இத்தனை படிகள் இருந்திருக்கின்றன.

இராமானுஜனின் மேதைமையை யாரும் அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவர் கையாண்ட முறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். தையல் தெரிந்தவர் தைத்த இரவிக்கை ஒன்றைக் கொண்டுபோய்த் துணிக்கடை உரிமையாளரிடம் காட்டலாம். வடிவமைப்பாளர் அந்தக் கடைக்கே ஒரு விளம்பரத் தாள் வரைந்து எடுத்துப் போகலாம். கையில் பொருள் இருக்கும்போது பேச்சு அவ்வளவாகத் தேவைப்படாது. மூன்றாமவர் ஒப்புக்கொள்ளும்வரை இரண்டு பேரிடம் 'வேண்டாம்' என்று கேட்டுக்கொள்ளவும் மனத்தைப் பழக்கிக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு பணத்தைத் துணிந்து போடலாம்?

முழுவதும் போனாலும் வீட்டில் அடுப்பு எரிவது நிற்காது என்ற அளவு. இதைத் தொடங்குவதற்கு முன்பே ஓர் எண்ணாக எழுதி, வீட்டில் இன்னொருவருக்கும் தெரியும்படி வைக்க வேண்டும். டேனியல் கானெமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் முன்வைத்து 1992-இல் விரிவாக்கிய கோட்பாட்டின்படி, இழப்பு தரும் வலி அதே அளவு வரவு தரும் மகிழ்ச்சியைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. எல்லை தெரியாத இழப்பு இதைவிடவும் அச்சுறுத்தும். '40,000 ரூபாய், அதற்கு மேல் ஒரு ரூபாயும் இல்லை' என்று எழுதிவிட்டால் அச்சத்துக்கும் ஓர் எல்லை கிடைத்துவிடுகிறது.

வீட்டுப் பத்திரத்தையும் தாலிக்கொடியையும் இந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. கந்து வட்டி, மீட்டர் வட்டிப் பக்கம் திரும்பவே வேண்டாம். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவை குற்றம் என்றாலும், சட்டம் வந்து காப்பாற்றுவதற்குள் குடும்பம் நிலைகுலைந்துவிடுகிறது. கடன் தேவைப்பட்டால் வங்கிகளில் முத்ரா திட்டத்தின் கீழ் பிணையம் இன்றிப் பெறலாம்: சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரையும், கிஷோர் பிரிவில் 5 இலட்சம் வரையும், தருண் பிரிவில் 10 இலட்சம் வரையும் கிடைக்கும். புதிய தொழில்முனைவோருக்கான மாநில அரசின் நீட்ஸ் திட்டமும், வேலையற்ற இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டமும் திட்ட மதிப்பில் 25 விழுக்காடு மானியம் அளிக்கின்றன. வயது, கல்வி, உச்சவரம்பு ஆகிய நிபந்தனைகள் அவ்வப்போது மாறுவதால் மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேட்டறிவதே சரி. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுக்கு அரசு கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. ஆயிரம் இரண்டாயிரம் கேட்கும் இடைத்தரகர்களை நம்ப வேண்டாம். உணவுப் பொருள் விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்தாக வேண்டும்.

புத்தாண்டில் தொடங்குவதில் உண்மையிலேயே ஏதேனும் பொருள் உண்டா?

சிறிதளவு உண்டு. 2014-இல் ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், வாரம், மாதம், ஆண்டு ஆகியவற்றின் தொடக்கத்திலும் பிறந்த நாளுக்குப் பின்னரும் மக்கள் உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செல்வது கூடுவது தெரிந்தது. பழைய தவறுகளைப் பழைய கணக்கில் எழுதிவிட்டுப் புதிய ஏட்டைத் திறக்கும் மனநிலைக்கு நாட்காட்டி உதவுகிறது. புத்தாண்டுத் தீர்மானங்கள் நிலைப்பதே இல்லை என்ற கேலியும் முழு உண்மையன்று: ஜான் நார்கிராஸும் உடன் ஆய்வாளர்களும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், தீர்மானம் எடுத்தவர்களில் 46 விழுக்காட்டினர் ஆறு மாதம் கழித்தும் அதைக் கடைப்பிடித்தனர், மாற விரும்பியும் தீர்மானம் எடுக்காதவர்களில் இது 4 விழுக்காடே. அவை உடல் எடை, புகைப்பழக்கம் போன்றவை பற்றிய தீர்மானங்கள் என்பதால், தொழிலுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது.

நம்மிடம் இதற்கென்றே அமைந்தது போன்ற ஒரு வழக்கம் இருக்கிறது. மார்கழியில் புதிதாக எதையும் தொடங்குவதில்லை; தை பிறந்தால் வழி பிறக்கும். ஜனவரி முதல் தேதியின் பரபரப்பில் பெயர்ப்பலகை எழுதக் கொடுத்துவிடாமல், அந்த இரண்டு வாரத்தையும் விலை விசாரிப்பதற்கும் கணக்குப் போடுவதற்கும் ஒதுக்கினால் சாத்திரமும் காக்கப்படும், காசும் காக்கப்படும்.

வீட்டில் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்றும் இருக்கிறது.

அந்த நாலு பேரை முதலில் பெயர் சொல்லி எண்ணிப் பார்க்கலாம். பெரும்பாலும் இரண்டு பேருக்கு மேல் தேறாது. அவர்களுக்கும் தங்கள் கவலையே பெரிது. வீட்டாரின் எதிர்ப்பை அப்படித் தள்ள முடியாது. மாதம் பிறந்தால் பள்ளிக் கட்டணம் யார் கட்டுவது என்று மனைவி கேட்கும்போது, அது உங்கள் திறமையின் மீது நம்பிக்கையின்மை அன்று, கணக்குக் கேட்கிறார். அதற்குக் கணக்காகவே விடை கொடுக்க வேண்டும். ஆறு மாதச் செலவுக்கான தொகை வங்கியில் தனியாக இருக்கிறது, இழப்பின் எல்லை இவ்வளவு, இந்தத் தேதியில் நிறுத்திவிடுவேன் என்று மூன்றையும் சொன்னால் பேச்சின் போக்கே மாறும். அப்பாவிடமும் மாமனாரிடமும் கனவைப் பற்றிப் பேசுவதை விட, நான்கு வாரம் விற்ற கணக்கு நோட்டைக் காட்டுவது எளிது.

எல்லாம் சரியாக இருந்தும் முடிவெடுக்க முடியாமல் ஊசலாடுகிறேன்.

பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட் 2021-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே சுவையானது. வேலையை விடலாமா என்பது போன்ற முடிவுகளில் திணறியவர்களை இணையத்தில் நாணயம் சுண்டச் செய்தார்; 20,000-க்கும் மேற்பட்ட முறை நாணயம் சுண்டப்பட்டது. பெரிய முடிவுகளில், மாறு என்று நாணயம் சொல்லி மாறியவர்கள், ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது, இருந்த நிலையிலேயே இருந்தவர்களைக் காட்டிலும் மகிழ்ச்சியாக இருந்ததாகக் கூறினர். நாணயம் சுண்டித் தொழில் தொடங்குங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. கணக்கெல்லாம் போட்டு முடித்த பின்னும் துலாக்கோல் நடுவிலேயே நின்றால், நாம் மாற்றத்தின் பக்கத்தைக் குறைத்து எடை போட்டுக்கொண்டிருக்கக்கூடும் என்ற அளவுக்கு இதை எடுத்துக்கொள்ளலாம்.

தோற்றுவிட்டால்?

நிறுத்தும் தேதியையும் நிறுத்தும் தொகையையும் முன்பே எழுதியிருந்தால், தோல்வி என்பது எழுதியபடி நிறுத்துவது மட்டுமே. அப்படி எழுதி வைக்காதவர்கள்தான், போட்ட பணத்தை எடுத்தே தீருவேன் என்று மேலும் மேலும் கடன் வாங்குகிறார்கள். கிரைண்டரையும் தையல் இயந்திரத்தையும் பாதி விலைக்காவது விற்றுவிடலாம். கடைக்கு முன்பணம் கொடுத்திருந்தால், திரும்பப் பெறும் நிபந்தனை வாடகை ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்க வேண்டும். பழைய மேலாளருடன் நல்ல முறையில் பிரிந்திருந்தால் அந்தக் கதவும் திறந்திருக்கும்.

இந்தத் தயக்கம் எப்போது மருத்துவரிடம் சொல்ல வேண்டியதாகிறது?

தூக்கம், பசி, அன்றாட வேலை மூன்றும் இரண்டு வாரத்துக்கு மேல் குலைந்திருந்தாலோ, எதற்கும் பயனில்லாதவன் என்ற எண்ணம் தொழிலைத் தாண்டி வாழ்க்கை முழுவதும் பரவினாலோ, அது தயக்கம் அன்று. அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழில் பேசலாம். அந்த நிலையில் வேலையை விடும் முடிவைத் தள்ளிப்போடுவதே நலம்.

இராஜினாமாக் கடிதத்தை எப்போது கொடுப்பது?

மூன்று மாதம் தொடர்ந்து, பகுதி நேர வரவு சம்பளத்தில் பாதியைத் தொட்ட பிறகு என்பது நாங்கள் சொல்லும் கணக்கு. குடும்பச் செலவைப் பொறுத்து இதைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். அதற்கு முன் பணிக்காலத்தைச் சரிபார்க்க வேண்டும். நிரந்தரப் பணியாளர்களுக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) பெற ஒரே நிறுவனத்தில் தொடர்ந்து 5 ஆண்டுப் பணி தேவை என்பதால், நான்கரை ஆண்டு முடித்தவர் ஆறு மாதம் பொறுப்பது இலாபம். வருங்கால வைப்பு நிதி சார்ந்த ஓய்வூதியத்துக்குக் குறைந்தது 10 ஆண்டுப் பணி வேண்டும். அந்த எல்லையை நெருங்கியவர்களுக்கும் இதே அறிவுரை. ஒப்பந்தத்தில் சொன்ன முன்னறிவிப்புக் காலத்தை முழுமையாகப் பணிபுரிந்து முடித்து, பணி விடுவிப்புக் கடிதத்தையும் அனுபவச் சான்றையும் கையில் வாங்கிய பிறகே வெளியே வர வேண்டும். வங்கியில் தனிநபர் கடனோ கடன் அட்டையோ தேவைப்படும் என்று தோன்றினால், சம்பளச் சீட்டு வந்துகொண்டிருக்கும்போதே விண்ணப்பித்துவிட வேண்டும். வேலையை விட்ட பிறகு முதல் இரண்டு ஆண்டு வருமான வரிக் கணக்கைக் காட்டும்வரை பெரும்பாலான வங்கிகள் தயங்கும்.